எடை குறைந்தால் பலம் குறையாதா? நுண்துளை நெகிழி நுரையை முன்வைத்து

நெகிழிக்குள் வாயுவைப் புகுத்தி நுரைக்கவைத்தால் எடை குறையும், செலவு குறையும், கூடவே பலமும் குறையும். ஓரம் உதிர்ந்த தெர்மோகோல் பலகையைக் கையில் எடுத்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் தவிர்க்க முடியுமா? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நாம் சூவும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி இது. கோடாக் போல நெகிழியை டன் கணக்கில் வாங்கும் நிறுவனங்களின் தேவையிலிருந்து எழுந்த கேள்வி. சூவும் ஜேன் மார்ட்டினியும் பிரான்சிஸ் வால்ட்மனும் 1984இல் பெற்ற காப்புரிமையில் அதற்கான விடை இருக்கிறது. எந்த நெகிழியிலும் கண்ணுக்குத் தெரியாத பிளவுகளும் குறைகளும் பிறவியிலேயே உண்டு. அந்தக் குறைகளைவிடச் சிறியதாகக் குமிழிகளை உருவாக்கினால் புதிதாகப் பலவீனம் எதுவும் சேராது. பரவிவரும் விரிசல் ஒரு குமிழியைத் தொட்டதும் அதன் கூர்முனை மழுங்கிவிடும் என்பதால், பொருள் முன்னைவிட உறுதியாகக்கூட ஆகலாம். இதற்கு 10 மைக்ரோமீட்டர் அளவிலோ அதற்குக் கீழோ குமிழிகள் வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் 100 கோடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நுண்துளை நுரை என்பதற்கு அன்று வகுத்த இலக்கணம் இதுதான்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் தொழில்நுட்பத்தை எடைபோட்டால் விந்தையான ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. எந்த வாக்குறுதியை முன்வைத்து இது பிறந்ததோ, அந்த வாக்குறுதி பாதிதான் நிறைவேறியிருக்கிறது. ஆனாலும் இது அழியவில்லை. கார் உதிரிபாகம் முதல் ஓட்டக்காரரின் காலணி வரை பரவியிருக்கிறது. தொடக்கத்தில் பெரிதாகப் பேசப்படாத இன்னொரு குணம்தான் இதைக் காப்பாற்றியது. உருகிய நெகிழியில் அழுத்தத்தோடு கரைந்திருக்கும் வாயு, குமிழியாக மாறுவதற்கு முன்பே பெரிய வேலையைச் செய்துவிடுகிறது. குமிழியின் நுண்மைக்காக இதை வாங்குகிறவர் பல இடங்களில் ஏமாறுகிறார். கரைந்த வாயுவுக்காக வாங்குகிறவர் பெரும்பாலும் லாபம் பார்க்கிறார். இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் நுண்துளை நுரையைப் புகழ்வதும் தவறு, ஒதுக்குவதும் தவறு.

செய்முறையைப் பார்த்தால் இது புரியும். ஆய்வகத்தில் செய்யும் முறை எளிமையானது. பாலிஸ்டைரின் போன்ற நெகிழித் துண்டை அழுத்தக் கலனுக்குள் வைத்து நைட்ரஜனையோ கார்பன் டை ஆக்சைடையோ உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், வாயு மெல்ல உள்ளே விரவிக் கரைகிறது. பிறகு அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்துத் துண்டைச் சூடாக்கினால், தாங்க முடியாத அளவு வாயுவை வைத்திருக்கும் நெகிழி ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான இடங்களில் குமிழ்க் கருக்களை உண்டாக்குகிறது. சூத்திரம் இந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதில்தான் அடங்கியிருக்கிறது. அழுத்தம் மெதுவாகக் குறைந்தால் முதலில் தோன்றிய சில கருக்களே சுற்றியுள்ள வாயுவையெல்லாம் இழுத்துப் பெருத்துவிடும். புதியவை பிறக்க வாயு மிஞ்சாது. வேகமாகக் குறைந்தால் எல்லாம் ஒன்றாகப் பிறந்து, இருக்கிற வாயுவைப் பங்கிட்டுக்கொண்டு, சிறியதாகவே நின்றுவிடும். எம்.ஐ.டி.யில் பயின்று பின்னர் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே ஆய்வகம் நடத்திவரும் சூல் பார்க், தொடர்ச்சியாக நெகிழியைப் பிதுக்கி எடுக்கும் எந்திரத்தில் அழுத்தம் விழும் வேகத்துக்கும் குமிழி எண்ணிக்கைக்கும் உள்ள இந்த உறவை விரிவாக ஆராய்ந்தவர்.

தொழிற்சாலைக்கு நாள்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. அங்கே ஊசிவார்ப்பு எந்திரத்தின் பேரலுக்குள், சுழலும் ஸ்க்ரூவின் நடுவே, உருகிய நெகிழியிலேயே வாயுவைக் கலந்துவிடுகிறார்கள். டிரெக்செல் நிறுவனம் ‘மியூசெல்’ என்ற பெயரில் வணிகமாக்கியது இந்த முறையைத்தான். வாயு சாதாரண வாயுவாக இல்லாமல், நிலைமாறு புள்ளியைத் தாண்டிய பாய்மமாக, அதாவது திரவத்தின் அடர்த்தியும் வாயுவின் ஊடுருவலும் சேர்ந்த நிலையில் செல்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி செல்சியஸும் 74 பாரும் போதும். நைட்ரஜனுக்கு 34 பாருக்கு மேல் இருந்தாலே சரி. நைட்ரஜன் குறைவாகத்தான் கரையும், ஆனால் குமிழியை நுணுக்கமாகப் பிறப்பிக்கும். அதனால் எடையில் ஒரு சதவீதத்துக்குள் சேர்த்தாலே வேலை நடந்துவிடும். பேரலில் எப்போதும் 100 முதல் 200 பார் வரை அழுத்தம் காக்கப்படும். மூக்கு திறந்து உருகல் அச்சுக்குள் பாயும்போது அந்த அழுத்தம் நொடிக்கும் குறைவான நேரத்தில் விழ, வழியிலேயே குமிழிகள் பிறக்கின்றன. இதற்காகத் தனி ஸ்க்ரூ, வாயுவை அளந்து செலுத்தும் கருவி, மூடித்திறக்கும் மூக்கு, உரிமச் செலவு எல்லாம் தேவைப்படுகின்றன. சிறிய மோல்டிங் பட்டறைக்கு இது பெரிய முதலீடு.

இப்படி வார்த்த பாகம் ஒன்றைத் திரவ நைட்ரஜனில் தோய்த்து உடைத்து, முறிந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் விளம்பரப் படத்தில் உள்ள சீரான தேன்கூடு தெரியாது. இரண்டு ஓரங்களிலும் குமிழியே இல்லாத கெட்டித் தோல் இருக்கும். குளிர்ந்த அச்சுச் சுவரைத் தொட்டதும் உறைந்த பகுதி அது. அதற்கு உட்புறமாக, உருகல் ஓடிய திசையில் இழுபட்டு நீண்ட குமிழிகள். நடுவே உருண்டையானவை, சில ஒன்றோடொன்று கலந்து பெருத்தவை. ஊசிவார்ப்பில் கிடைக்கும் குமிழிகள் பல மைக்ரோமீட்டரிலிருந்து 100 மைக்ரோமீட்டர் வரை பரந்து கிடக்கின்றன. 50 மைக்ரோமீட்டரைச் சராசரியாக வைத்து ஒரு கணக்குப் போடலாம். அந்த அளவுள்ள ஒரு குமிழியின் கன அளவையும், வழக்கமாகக் கிடைக்கும் 10 சதவீத எடைக் குறைப்பையும் வைத்து வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 15 லட்சம் குமிழிகள் வரும். இலக்கணம் கேட்டதோ 100 கோடி. அறுநூறு மடங்குக்கு மேல் இடைவெளி! 10 மைக்ரோமீட்டர் குமிழிகளாகவே அமைந்தாலும் 10 சதவீத எடைக் குறைப்பில் 19 கோடியைத்தான் தொட முடியும். 100 கோடி வேண்டுமானால் பொருளில் பாதியைக் குமிழியாக்க வேண்டும். கார் பாகத்தில் அதை யாரும் செய்வதில்லை. ஆக, சந்தையில் நுண்துளை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, அந்தக் கோட்பாடு செல்லுபடியாகும் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

எல்லைக்கு உள்ளேயே இருந்தாலும் பலம் குறையாது என்பது எந்தப் பலத்தைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. இழுவிசையைத் தாங்கும் திறன், எஞ்சியிருக்கும் நெகிழியின் அளவை ஒட்டியே குறைகிறது. எடையில் 10 சதவீதம் போனால் தாங்குதிறனும் ஏறக்குறைய அதே அளவு போகும். குமிழி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் இல்லாத பொருள் பாரத்தைச் சுமக்காது. விறைப்பு இதைவிட வேகமாகச் சரிகிறது. நுரைகளின் விறைப்பு அடர்த்தியின் இருமடியை ஒட்டிச் செல்லும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கையாளும் மதிப்பீடு. அதன்படி 10 சதவீத எடைக் குறைப்பில் 19 சதவீத விறைப்பும், 30 சதவீதத்தில் பாதி விறைப்பும் போய்விடும். மோதலைத் தாங்கும் திறனில்தான் முதல் ஆய்வுகள் பெரிய நம்பிக்கை தந்தன. பாலிஸ்டைரின் போல நொறுங்கும் இயல்புள்ள நெகிழியில் விரிசல் முனை மழுங்குவது உண்மையாகவே உதவக்கூடும். பாலிகார்பனேட் போல வளைந்து நீண்டு அடியை வாங்கிக்கொள்ளும் நெகிழியில் அந்த உதவிக்கு இடமே குறைவு. குமிழி அங்கே குறுக்குவெட்டைக் குறைக்கும் ஓட்டையாகவே முடியலாம். வெளிவந்த சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதற்கு நெகிழியின் இந்த இயல்பு வேறுபாடு முக்கியமான காரணம்.

இன்னொரு காரணம், கைக்கு எளிதாகக் கிடைக்கும் எண்ணை அளவுகோலாகக் கொள்வது. குமிழியின் சராசரி அளவு எல்லா விளம்பரக் கையேடுகளிலும் இருக்கிறது. உடையும் பொருள் சராசரியைப் பார்த்து உடைவதில்லை. இருப்பதிலேயே பெரிய குறை எங்கே இருக்கிறதோ அங்கே உடைகிறது. 20 மைக்ரோமீட்டர் சராசரி கொண்ட பாகத்தில் இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் 300 மைக்ரோமீட்டர் குழி ஒன்று உருவாகியிருந்தால், அந்தப் பாகத்தின் பலம் அந்த ஒரு குழியின் பலம்தான். வாயு சரியாகக் கரையாமல் திட்டாக நின்றாலே இப்படியொரு குழி வந்துவிடும். வார்ப்புப் பாகங்கள் எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருக்கும்போது அந்தப் பெருமையைக் குமிழிக்குக் கொடுப்பதும் இதே தவறின் மறுபக்கம். வளைக்கும்போது பாரம் அதிகம் விழுவது வெளிப்புறத்தில். அங்கே இருப்பது குமிழியற்ற கெட்டித் தோல். பலத்தைக் காத்தது பெரும்பாலும் அந்தத் தோல்தான்.

வளைவிறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது, அதனால் நுரை தோற்காது என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அது சரியான மறுப்பு. அதையும் கணக்கிலேயே பார்த்துவிடலாம். எடையைக் குறைக்காமல், அதே அளவு நெகிழியை நுரைக்கவைத்துத் தடிமனைக் கூட்டினால், 10 சதவீத அடர்த்திக் குறைவில் தடிமன் 11 சதவீதம் கூடும். விறைப்பில் 19 சதவீதம் இழந்தும் தடிமனின் மும்மடியால் பலகையின் வளைவிறைப்பு மொத்தத்தில் 11 சதவீதம் ஏறும். ஆகவே நுரை தரும் உண்மையான ஆதாயம், அதே எடையில் அதிக விறைப்பு. அதுவும் வளைக்கும் பாரத்துக்கு மட்டும், தடிமனுக்கு இடமிருந்தால் மட்டும். குறைந்த எடையில் அதே பலம் என்ற வாக்குறுதியிலிருந்து இது மிகவும் வேறானது. வாடிக்கையாளரிடம் சொல்லப்படுவது இரண்டாவது, கிடைப்பது முதலாவது. இந்த இடைவெளியை மறைக்காமல் சொல்லியிருந்தால் இத்தொழில்நுட்பத்தின் மீது இவ்வளவு ஏமாற்றம் படிந்திருக்காது.

பலத்தின் கணக்கு இப்படி இருந்தும் தொழிற்சாலைகள் ஏன் இதைக் கைவிடவில்லை? சாதாரண ஊசிவார்ப்பில், அச்சு நிறைந்த பிறகும் நெகிழி குளிர்ந்து சுருங்கச் சுருங்க, பின்னாலிருந்து அழுத்தி மேலும் உருகலைத் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தடித்த இடங்களில் மேற்பரப்பு குழிந்துவிடும். அந்த அழுத்தத்தைத் தாங்கி அச்சின் இரு பாதிகளும் பிளக்காமல் மூடிப் பிடிக்க நூற்றுக்கணக்கான டன் விசை வேண்டும். திணித்த அழுத்தம் நுழைவாயில் அருகே அதிகமாகவும் கடைக்கோடியில் குறைவாகவும் உறைந்துபோவதால், பாகம் வெளியே வந்த பிறகு கோணிக்கொள்கிறது. கரைந்த வாயு இந்த மூன்று சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்கிறது. அது உருகலின் பாகுத்தன்மையைக் குறைப்பதால் மெல்லிய சுவர்களுக்குள்ளும் ஓட்டம் எளிதாகிறது. குமிழிகள் உள்ளிருந்தே ஒரே சீராக விரிவதால் பின்னாலிருந்து திணிக்கும் கட்டம் ஏறத்தாழ வேண்டாததாகிவிடுகிறது. மூடிப்பிடிக்கும் விசை குறைகிறது, குழிவும் கோணலும் குறைகின்றன, ஒரு சுற்றுக்கான நேரமும் குறைகிறது.

ஃபோர்டு நிறுவனம் 2012 மாடல் எஸ்கேப், கூகா கார்களின் டேஷ்போர்டு கட்டமைப்பை மியூசெல் முறையில் வார்த்தது. காருக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை மிச்சமானதாக அப்போது அறிவிக்கப்பட்டது. அதே அறிவிப்பில் சுற்று நேரம் 15 சதவீதமும் மூடிப்பிடிக்கும் விசை 45 சதவீதமும் குறைந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள காரில் அரைக் கிலோ பெரிய விஷயமில்லை. ஆனால் விசை 45 சதவீதம் குறைகிறது என்றால் சிறிய எந்திரத்திலேயே பெரிய பாகத்தை வார்க்கலாம். மின்சாரம், முதலீடு, அச்சின் ஆயுள் எல்லாவற்றிலும் அது பேசும். இதைவிடவும் பெரிய ஆதாயம் வடிவமைப்பில் இருக்கிறது. சாதாரண வார்ப்பில் ஒரு சுவருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் ரிப்பின் தடிமன், சுவரின் பாதியை ஒட்டியே இருக்க வேண்டும். தாண்டினால் முன்பக்கம் குழிவு விழும். குழிவு என்ற அச்சம் போய்விட்டால் சுவரை மெலிதாக்கி, ரிப்பைச் சுவருக்குச் சமமாகத் தடிக்கவைக்கலாம். இப்படி மறுவடிவமைப்பில் மிச்சமாகும் நெகிழி, குமிழியால் நேரடியாக மிச்சமாவதைவிட அதிகமாக இருக்க முடியும். பழைய அச்சை அப்படியே வைத்துக்கொண்டு வாயுவை மட்டும் சேர்ப்பவர் அந்த ஆதாயத்தைக் கைவிட்டுவிட்டு, பலக் குறைவை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

அப்படியானால் குமிழி நுண்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லையா என்று கேட்கலாம். அவசியம் இருக்கிறது, காரணம்தான் வேறு. நுண்துளைக்கு முந்தைய கட்டமைப்பு நுரை வார்ப்பில் குமிழிகள் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் அளவில் இருந்தன. அவற்றைத் தாங்கச் சுவர் பல மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டியிருந்தது. 2 மில்லிமீட்டர் சுவரில் அரை மில்லிமீட்டர் குமிழி இருந்தால் அது சுவரே அல்ல. 50 மைக்ரோமீட்டர் குமிழிகள் அந்தச் சுவரில் அடக்கமாகப் பொருந்துகின்றன. சுவரின் தடிமனோடு ஒப்பிட்டுப் போதுமான அளவு சிறியது என்பதுதான் நடைமுறைக்கு வேண்டிய அளவுகோல். அதற்குமேல் 50ஐ 10 ஆக்கப் படும் பாடு, வார்ப்புப் பாகங்களைப் பொறுத்தவரை வீண். மேற்பரப்பில் வெள்ளிக்கீற்றுப் போலச் சுழித்துத் தெரியும் வாயுத் தடங்கள் இன்றும் இந்த முறையின் கண்கூடான குறை. அச்சைச் சூடாக்கிக் குளிர்விப்பது, எதிர் அழுத்தம் கொடுப்பது என வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் நேரத்தையோ பணத்தையோ திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் இந்தப் பாகங்கள் பெரும்பாலும் மூடிக்கு உள்ளேயோ எஞ்சின் அருகிலோ உறைக்கு அடியிலோ இருக்கின்றன. அங்கே இருப்பதில் தவறொன்றும் இல்லை.

இந்த முறையின் ஐயமற்ற சிறப்பு என்று நான் கருதுவது அதன் தூய்மை. உலகின் செருப்பு, பாய், பொம்மை நுரைகளில் பெரும்பகுதி அசோடைகார்பனமைடு என்ற வேதிப்பொருளால் நுரைக்கவைக்கப்படுகிறது. சுமார் 200 டிகிரியில் சிதைந்து வாயுவைத் தரும் அந்தப் பொருள் கசடுகளையும் விட்டுச்செல்கிறது. மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை ஏற்படுத்துவதால் 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2010இல், குழந்தைகள் தவழும் நுரைப் பாய்களில் ஃபார்மமைடு இருப்பது கண்டறியப்பட்டு பெல்ஜியம் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. நுரைக்கவைக்கும் பொருள் சிதையும்போது பிறக்கும் சேர்மம் அது. நைட்ரஜனில் நுரைத்த பாயில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வந்த வாயு காற்றோடு போய்விடும். லண்டனை ஒட்டிய கிராய்டனில் ஜோட்ஃபோம்ஸ் நிறுவனம் நைட்ரஜனை உயர் அழுத்தக் கலனில் செலுத்தி நுரைப் பலகைகளை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 2018இல் நைக்கி அதனோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடியபோது காலடியில் இருந்தது, நைக்கி தன் உயர்ரகக் காலணிகளுக்கென்று உருவாக்கிய நுரை. அந்த வகை நுரையின் துள்ளலுக்குக் காரணம் அதன் பாலிமரும் குறைந்த எடையும். குமிழி 10 மைக்ரோமீட்டருக்குள் அடங்கியிருப்பது அல்ல.

இதே உண்மையை நம் ஊரிலும் பார்க்கலாம். வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையோடு இணைத்துப் பேசப்படும் எம்.சி.ஆர். செருப்பு, மைக்ரோசெல்லுலர் ரப்பரால் ஆனது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காத்த அது, இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் மருத்துவர் கேட்பது, கடினத்தன்மையைக் காட்டும் ஷோர் அளவையில் 15ஐ ஒட்டிய மென்மையும், பல மாதங்கள் மிதித்தும் தட்டையாகிவிடாத குணமும். ரப்பரில் வேதிப்பொருளால் உண்டான துளைகள் எம்.ஐ.டி. இலக்கணத்துக்குள் வருமா என்பது அந்தப் பாதத்துக்குத் தேவையில்லாத கேள்வி. ஆனால் அதே ரப்பரைக் கசடில்லாமல் நைட்ரஜனால் நுரைக்கவைக்க முடியுமா என்பது தேவையான கேள்வி. தோலோடு நாளெல்லாம் ஒட்டிக்கிடக்கும் பொருள் அல்லவா அது.

தூய்மை என்ற வாதத்தை மறுசுழற்சி வரை நீட்டுகிறவர்களோடு மட்டும் என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. ஒரே பாலிமர், அந்நியப் பொருள் எதுவும் இல்லை, எனவே திரும்ப உருக்கலாம் என்பது அவர்கள் வாதம். பட்டறைக்குள் உண்மைதான், கழிவை அரைத்து அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். வெளியே வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விபின் குமார் வளர்த்தெடுத்த முறையின் அடிப்படையில் தொடங்கிய மைக்ரோகிரீன் நிறுவனம், மறுசுழற்சி செய்த பெட் நெகிழித் தாளில் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, சூடு தாங்கும் கோப்பைகள் செய்தது. உருக்காமலே நுரைக்கவைக்கும் அழகான முறை. அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானங்களில் அந்தக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். 2015இல் நிறுவனம் மூடப்பட்டது. அதன் வணிகக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பெட் நெகிழியைப் பிற நெகிழிகளிலிருந்து பிரிப்பது எப்படி? நொறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போடுவார்கள். 1.38 அடர்த்தியுள்ள பெட் மூழ்கும். மூடிகளும் பைகளும் செய்யும் பாலிஎத்திலினும் பாலிபுரொப்பிலினும் மிதக்கும். நுரைத்து அடர்த்தி ஒன்றுக்குக் கீழே போன பெட்டும் மிதந்து, தவறான கூட்டத்தில் சேர்ந்து அதைக் கெடுக்கும். பெரிய குமிழி என்றால் அரைக்கும்போது உடைந்துபோகும். பல மில்லிமீட்டர் துண்டுக்குள் லட்சக்கணக்கில் மூடிக்கிடக்கும் நுண்குமிழிகள் உடையாது. எந்த நுண்மை கோப்பைக்கு அழகும் பலமும் தந்ததோ, அதுவே மறுசுழற்சித் தொட்டியில் எதிரியாகிறது. எந்திர வார்ப்பில் 10 சதவீதம் மட்டும் நுரைக்கும் பாகங்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆழமாக நுரைத்து வீசியெறியும் பொருள்களுக்கு இது அடிப்படைக் குறை.

மைக்ரோ போதாதென்று நானோவுக்குப் போகும் ஆராய்ச்சி கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேகம் பிடித்திருக்கிறது. அதற்கு நல்ல காரணம் உண்டு. அறைவெப்பத்தில் காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றோடு மோதுமுன் சராசரியாகச் செல்லும் தூரம் சுமார் 70 நானோமீட்டர். துளை அந்த அளவுக்குச் சுருங்கினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி வெப்பத்தைக் கைமாற்றுவது தடைபட்டு, துளைக்குள் இருக்கும் காற்றின் வெப்பக் கடத்தல் பாதிக்கும் கீழே போகும். குளிர்சாதனப் பெட்டிக்கும் கட்டடச் சுவருக்கும் இதைவிடச் சிறந்த காப்பு எது என்று தோன்றும். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டில் கார்பன் டை ஆக்சைடைப் பல நூறு பார் அழுத்தத்தில் ஏற்றி 100 நானோமீட்டர் துளைகளை ஆய்வகங்கள் எட்டியும் விட்டன. ஆனால் குமிழி சிறுக்கச் சிறுக்க அதற்குள் அழுத்தம் ஏறுகிறது. உருகலின் பரப்பு இழுவிசையை வைத்துக் கணக்கிட்டால், 10 மைக்ரோமீட்டர் குமிழியில் அந்த மிகை அழுத்தம் 0.1 பார், 100 நானோமீட்டரில் 10 பார். சிறியதிலிருந்து பக்கத்துப் பெரியதுக்கு வாயு கசிந்து, சிறியது மறைந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க உடனே உறையவைத்தால் போதிய விரிவு கிடைக்காது. பொருளில் பெரும்பங்கு திண்ம நெகிழியாகவே நின்றுவிடும். முப்பது சதவீதம் திண்மம் மிஞ்சினாலே அதன் வழியாகக் கடத்தப்படும் வெப்பம் மட்டும் சாதாரணத் தெர்மோகோலின் மொத்தக் கடத்தலைத் தாண்டக்கூடும். துளைக்குள் வென்ற வெப்பக் காப்பு துளைச்சுவரில் தோற்கிறது.

இதைவிடக் கடினமான தடை நேரம். வாயு நெகிழிக்குள் விரவ ஆகும் நேரம் தடிமனின் இருமடியாகக் கூடும். சுவர்க் காப்புக்கு வேண்டிய தடித்த பலகையில் வாயுவை ஏற்ற வாரக்கணக்கில் உயர் அழுத்தக் கலனைக் காத்துக் கிடக்க வேண்டும். உருகல் நிலையில் கலந்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் அந்தச் சூட்டில் நானோ குமிழி நிலைத்து நிற்பது மிகக் கடினம். எதிர்காலத்தில் எந்திரங்கள் மேம்படும் என்ற பதில் இங்கே எடுபடாது, ஏனென்றால் தடையாக இருப்பது எந்திரமல்ல, விரவலின் விதி. அதே விதியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஆராய்ச்சி போக வேண்டிய இடம் தெரிகிறது. தடிமன் நூறில் ஒன்றாகக் குறைந்தால் நேரம் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். 10 மில்லிமீட்டர் பலகையில் ஒரு மாதம் பிடிக்கும் வாயு ஏற்றம் 0.1 மில்லிமீட்டர் படலத்தில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மின்சுற்றுகளுக்கும் அதிவேகத் தகவல் கம்பிகளுக்கும் மின்காப்புத் திறன் மிக்க மெல்லிய படலங்கள் வேண்டியிருக்கின்றன. காற்றடைத்த துளைகள் அங்கே மின்மாறிலியைக் குறைக்கும், படலம் மெலிதாக இருப்பதால் துளை நானோ அளவில் இருந்தே ஆக வேண்டும். குமிழி நுண்மையாக இல்லாவிட்டால் பொருளே இல்லை என்று சொல்லக்கூடிய பயன்பாடு இது. கட்டடக் காப்புப் பலகைக்காக இன்று செலவாகும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்காவது இந்தப் படலங்களுக்கு வர வேண்டும்.